அப்பா அம்மாவோடு பாலைவனப் பூங்காக்களுக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் வந்து இறங்குவார்கள். லாஸ் வேகஸில் வண்டி எடுத்து சயான், பிரைஸ் கேன்யன், பேஜ், கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று. நாள் மிச்சமிருந்தால் ஆர்ச்சஸ், டெத் வேலி. எத்தனையோ வீடுகளில் இந்தத் திட்டம்தான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும். 2023 ஜூலையில் எங்கள் வீட்டிலும் ஓடியது. அந்தப் பயணத்தில் வெயிலுக்கு என் அப்பாவை இழந்திருப்பேன், மயிரிழையில் தப்பினார்.

அப்பா வேலூர்க்காரர். மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பத்தடியில் நின்றவர். கத்திரி வெயிலில் நூற்றைந்து, நூற்றெட்டு டிகிரியெல்லாம் அவருக்குப் புதிதில்லை. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் காரை விட்டு இறங்கியதும், "இதென்னம்மா வெயில், நம்ம ஊர்ல இல்லாததா?" என்றார். அந்த இடம் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம், கொடைக்கானல் அளவு. எண்பது டிகிரிதான் இருக்கும், காற்றும் அடித்தது. விடுதி அறையில் ரைஸ் குக்கரில் பொங்கல் வைத்து, எல்லோரும் சாப்பிட்டு, பார்க்கிங் தேடி முடிக்கும்போது மணி பத்தரை. பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கினோம். நான், என் கணவர், அப்பா, பதினொரு வயது மகள், ஏழு வயது மகன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றரை மைலில் ஒரு ஓய்வுக் கொட்டகை வரும். அதற்குள் ஆயிரத்து நூறு அடி இறங்கியிருப்போம். முக்கால் மணி நேரத்தில் போய்விட்டோம். பிள்ளைகள் குதித்துக்கொண்டே வந்தார்கள். இவ்வளவு சுலபமா என்று இன்னும் கொஞ்சம் இறங்கினோம். தவறு அங்கேதான் நடந்தது, அதைச் செய்தவர்கள் நாங்கள்.

நமக்குப் பழக்கமான மலையெல்லாம் வேறு மாதிரி. பழனியோ சதுரகிரியோ, உடம்பில் தெம்பிருக்கும்போது ஏறுகிறோம், களைத்த பிறகு இறங்குகிறோம். முடியவில்லையென்றால் பாதியில் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். பள்ளத்தாக்கில் இது தலைகீழ். களைப்பு தெரியும்போது நாம் அடியில் நிற்கிறோம், ஏற்றம் முழுவதும் பாக்கி. கூடவே, ஆயிரம் அடி இறங்கினால் ஐந்து டிகிரிக்கு மேல் சூடு கூடும். மேலே எண்பதாக இருந்தது, நாங்கள் திரும்பத் தொடங்கியபோது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நிழலும் போய்விட்டது. இறங்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏற ஆகும் என்று பூங்காவினர் எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். எங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆனது.

அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டதை நான் கவனித்தேன். மூச்சு வாங்குவதால் பேசவில்லை என்று நினைத்தேன். "முடியுதாப்பா?" என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "ஒண்ணும் இல்லம்மா, நீங்க முன்னாடி போங்க." சட்டை காய்ந்தே இருந்தது. வியர்க்கவே இல்லையே, பரவாயில்லை என்று நானும் தேற்றிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று பிறகுதான் புரிந்தது. வேலூரிலும் சென்னையிலும் உடம்பு வியர்த்துக் கொட்டும், சட்டை ஒட்டிக்கொள்ளும், தாகம் எடுக்கும், நாமே நிழல் தேடி ஒதுங்குவோம். பாலைவனக் காற்று வியர்வையை வந்த வேகத்திலேயே குடித்துவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பைவிட்டுப் போனாலும் சட்டையில் உப்புக்கோடுதான் தெரியும். ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள் நாம் என்ற நம்பிக்கை அந்த இடத்தில் உதவாது. எங்களுக்கு அது கெடுதலாகவே முடிந்தது.

கொட்டகைக்குக் கொஞ்சம் கீழே என் மகனை அப்பா என் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அப்புறம் பாதையோரப் பாறையில் உட்கார்ந்தவர் எழவில்லை.

அந்த நேரத்தில் கீழிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். கிராண்ட் கேன்யனில் 1997 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆபத்து நடந்த பிறகு மீட்கப் போவதற்குப் பதிலாக, ரேஞ்சர்கள் என்கிற பூங்காக் காவலர்களும் தன்னார்வலர்களும் பாதையில் நடந்துகொண்டே இருப்பார்கள். யார் தள்ளாடுகிறார்கள், யாரிடம் தண்ணீர் இல்லை என்று பார்த்துப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெண்மணி அப்படி வந்த தன்னார்வலர். அப்பாவின் சட்டையையும் தொப்பியையும் தண்ணீரில் நனைத்தார். உப்பு பிஸ்கட்டைக் கொடுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெளிந்ததும் கைத்தாங்கலாகக் கொட்டகைக்குக் கொண்டுபோய் நிழலில் உட்கார வைத்தோம். நாலரை மணி வரை யாரும் நகரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெயில் இறங்கிய பிறகு மெதுவாக ஏறி, ஏழு மணிக்கு மேலே வந்தோம். எட்டு மணி நேரம் எந்தச் செய்தியும் இல்லாமல் காத்திருந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அன்று ராத்திரிதான் எல்லாம் வெளியே வந்தது. தன் பாட்டில் தண்ணீரைப் பேரனுக்குக் கொடுத்திருக்கிறார். அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும், வண்டியை நிறுத்தச் சொல்லச் சங்கடம் என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறார். அவர் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்று உடம்பிலிருந்து நீரைப் பிரிக்கிற வகை. ஏன்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அழுதேன். "மாப்பிள்ளை லீவு போட்டு, இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கார். பாதியில முடியலன்னு நான் சொன்னா நல்லா இருக்குமாம்மா?" என்றார்.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நம் அப்பா அம்மாக்கள் சொல்ல மாட்டார்கள். மகளும் மாப்பிள்ளையும் ஆசையாகக் கூட்டி வந்த இடத்தில் முகம் சுளிக்கக்கூடாது என்பது அவர்களுக்கு ஊறிப்போனது. முடிகிறதா என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். முடிகிறது என்றுதான் பதில் வரும். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே நீங்கள் முடிவு செய்யுங்கள், அந்த நேரம் வந்ததும் எங்கே நின்றாலும் திரும்புங்கள். தண்ணீரும் அப்படித்தான். ஆளுக்கொரு பாட்டில் கையில் கொடுத்து, உங்கள் கண் எதிரே குடிக்க வையுங்கள். எந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்து, கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

கோடையில் காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை பள்ளத்தாக்கின் உள்ளே நடக்க வேண்டாம் என்கிறது கிராண்ட் கேன்யன் பூங்கா. டெத் வேலியின் தாழ்வான பகுதிகளில் பத்து மணிக்கு மேல் நடக்கவே வேண்டாம் என்கிறார்கள். நம் இலக்கணம் பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல் என்றும், உரிப்பொருள் பிரிவு என்றும் சொல்லும். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது. அந்தக் கொட்டகையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸில் 2015 ஆகஸ்டில் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்ஸிலிருந்து ஒரு கணவன், மனைவி, ஒன்பது வயது மகன் வந்தார்கள். வெள்ளை மணல்மேடுகளுக்குள் போய்வரும் ஐந்து மைல் பாதை, நிழல் என்று ஒன்றும் கிடையாது. நூறு டிகிரி வெயிலில் இரண்டு சிறிய பாட்டில் தண்ணீரோடு நடந்தார்கள். அம்மாவுக்கு முடியாமல் போய் அவர் மட்டும் திரும்பினார், வழியிலேயே விழுந்து இறந்துவிட்டார். அவருடைய கேமராவில் இருந்த படங்களைப் பார்த்துத்தான் கூட வந்தவர்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தேடிப் போனபோது அப்பா இறந்து கிடந்தார், பக்கத்தில் பையன் உயிரோடு இருந்தான். பெற்றவர்கள் தங்களைவிட அவனுக்கு அதிகமாகத் தண்ணீர் கொடுத்திருக்கலாம், அதனால் பிழைத்திருக்கலாம் என்று அந்த ஊர் ஷெரீஃப் சொன்னார். என் அப்பா பேரனுக்குத் தண்ணீர் கொடுத்ததும் அதே மாதிரிதான். நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

பயணத் திட்டங்களை எழுதிக் குழுக்களில் பகிர்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். "ஏழு நாளில் ஆறு பூங்கா" என்று எங்களுக்கு வந்த திட்டத்தில் ஊர் பெயர், மைல், விடுதி வாடகை எல்லாம் இருந்தது. எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு நடக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. அதை எழுதியவர் நவம்பரில் போனவர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. எந்த மாதம் போனீர்கள், எத்தனை மணிக்கு நடந்தீர்கள், கூட யார் யார் என்று மூன்று வரி சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு ஒரு நிமிட வேலை.

கோடையில் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை அப்போதுதான், பெரியவர்களுக்கு விசாவும் டிக்கெட்டும் அமைவதும் அப்போதுதான். நாளைத் திருப்பிப் போட்டால் போதும். விடிவதற்குள் பாதையில் இருங்கள், ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச் என்கிற பாறை வளைவுக்குப் போய்வர மூன்று மைல்தான், ஆனால் வெறும் பாறை மேல் ஏற்றம், வழியில் நிழல் கிடையாது. விடியற்காலையில் அந்த இடத்துக்கு வருகிற நிறத்தை மத்தியானம் போகிறவர்கள் பார்க்கவே முடியாது. மத்தியான வேளைக்குப் பார்வையாளர் மையம் இருக்கிறது. பிள்ளைகள் ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை அங்கே உட்கார்ந்து முடித்து, உறுதிமொழி எடுத்து பேட்ஜ் வாங்கட்டும். பெரியவர்களுக்கு பிரைஸ் கேன்யன் நல்ல இடம், விளிம்பு எட்டாயிரம் அடிக்கு மேல், அந்தக் குளிர்ச்சியே தனி. டெத் வேலியிலும் தாந்தேஸ் வியூ என்கிற மலைமுனை ஐயாயிரத்து நானூறு அடிக்கு மேலே இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் பேட்வாட்டர் உப்புவெளி முழுவதையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம்.

செருப்பு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். 2024 ஜூலையில் டெத் வேலி மணல்மேட்டில் செருப்பு கழன்றுபோன ஒரு பயணிக்கு உள்ளங்கால் மோசமாக வெந்துவிட்டது. காற்று அவ்வளவு சூடானால் ஹெலிகாப்டருக்குப் போதிய உந்தல் கிடைக்காது, அன்று அது அங்கே இறங்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் குடும்பத்தாரும் அங்கிருந்த மற்றவர்களும்தான். அம்மாக்கள் ரப்பர் செருப்போடுதான் கிளம்புவார்கள். விடாதீர்கள்.

இன்னொன்று, மணி. கோடையில் யூட்டா அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ மக்களின் நிலப்பகுதி யூட்டா நேரத்தைப் பின்பற்றும். பேஜ் பக்கம் செல்பேசி இரண்டு நேரத்துக்கும் மாறி மாறித் தாவும். விடியற்காலை அலாரத்தை அதை நம்பி வைக்காதீர்கள்.

சாப்பாட்டில் நமக்குக் கவலையே இல்லை. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகிவிடும், கூடவே உப்புள்ள தீனி வேண்டும் என்று அந்தப் பெண்மணி சொன்னார். அம்மா அதைக் கேட்டு, "அதுக்கென்ன, புளியோதரையும் நார்த்தங்காயும் இருக்கே" என்றார். ஐஸ் பெட்டியில் உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர், பையில் முறுக்கு. மறுநாளிலிருந்து எங்கள் வழிச்சாப்பாடு அதுதான்.

ஜூலை பாதிக்கு மேல் இடிமழையும் தொடங்கிவிடும். குற்றாலம் போனவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் பெய்த மழை அருவியில் வந்து அடிக்கும். பேஜ் அருகே ஆன்டிலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று பதினொரு பேரை வெள்ளம் கொண்டுபோனது. மழை பெய்தது பல மைல் தள்ளி. சயானில் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் நேரோஸ் பாதைக்கும் இதே பயம் உண்டு. அன்றைய வெள்ள எச்சரிக்கையை ரேஞ்சரிடம் கேட்காமல் ஆற்றில் இறங்காதீர்கள்.

இந்த ஜூனில் அப்பா மறுபடி வருகிறார். அந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டார். இந்தத் தடவை உள்ளே இறங்கப்போவதில்லை. விளிம்போரம் தார் போட்ட சமதளப் பாதை இருக்கிறது, காலை ஐந்து மணிக்கு அதில் அம்மாவையும் சேர்த்து நடப்பதாக இருக்கிறோம். ஏழரைக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தை என் மகள் அப்பாவின் கைக்கடிகாரத்தில் அலாரமாக வைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா
அரிசோனா