சாகாத மீனையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏரியில் மீன் செத்து மிதந்தால் படத்தோடு செய்தி போடுகிறீர்கள், நல்லது. சாகாமல் சுபாவம் மட்டும் மாறிப்போன மீனை யார் கணக்கில் எடுப்பது?

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் செய்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸ்டீன் மருந்து கலந்த நீரில் ஜீப்ரா மீன்களை (மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கோடு போட்ட பொடி மீன்தான், நம் நாட்டு ஓடைகளைச் சேர்ந்தது) முட்டைப் பருவத்திலிருந்து ஆறே நாள் வைத்திருந்தார்கள். அப்புறம் நல்ல தண்ணீர்தான். அப்படியும், வளர்ந்த பிறகு ஆபத்து வந்தால் உடம்பில் ஏற வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோன் அவற்றுக்குச் சரியாக ஏறவில்லை. சரி, இது மருந்துபட்ட மீன் என்று விடலாம். ஆனால் மருந்தே படாத பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை அந்தக் குறை, முக்கியமாக ஆண் மீன்களில், தொடர்ந்தது. புது இடத்தில் விட்டால் சுற்றிப் பார்க்கும் துறுதுறுப்பும் பேரன் தலைமுறை வரை ஆண் மீன்களில் குறைந்திருந்தது. இரை தேடவும் தப்பிக்கவும் அது இல்லாமல் ஆற்றில் எப்படிப் பிழைப்பது?

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், அது டாக்டரிடம் பேச வேண்டியது. நான் சொல்வது தண்ணீரைப் பற்றி. நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி கழிவோடு சாக்கடைக்குப் போகிறது, சுத்திகரிப்பு நிலையங்கள் அதை முழுதாகப் பிரித்தெடுக்க அமைக்கப்பட்டவை அல்ல. காவிரியில் வலி மருந்துகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால், மூளையில் வேலை செய்யும் கார்பமாசெபின் எல்லாம் கலந்திருப்பதைச் சென்னை ஐஐடி 2021-இலேயே சொல்லிவிட்டது. ஃப்ளூவாக்ஸ்டீனில் நடந்ததுதான் இவற்றிலும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பார்த்தால்தானே தெரியும்.

நம் விதி என்ன பார்க்கிறது? மருந்துத் தொழிற்சாலைக் கழிவுநீரில் மீனை விட்டு, 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருந்தால் அந்தச் சோதனையில் தேறியாகிவிட்டது. வீட்டுச் சாக்கடை வழியாகப் போகும் மருந்துக்கு அதுகூட இல்லை. நான்கு நாள் சோதனையில் கொள்ளுப்பேரனை எங்கே பார்ப்பது! காவிரி மீனின் நடத்தையையும் அடுத்தடுத்த தலைமுறையையும் கவனிக்கும் திட்டம் ஏதாவது கையில் இருக்கிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உங்கள் நிருபர் ஒருவர் கேட்டு எழுதலாமே.

இப்படிக்கு,
திருச்சி வாசகர் ஒருவர்