கையில் இருப்பது எஃப்.ஐ.ஆரா, சி.எஸ்.ஆரா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புதிய குற்றவியல் சட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கேள்வி-பதிலை முழுக்கப் படித்தேன். எஃப்.ஐ.ஆர். பற்றி அரைப் பக்கம் இருந்தது. புகார் மனுவுக்குத் தரும் ரசீதான சி.எஸ்.ஆர். பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் பக்கத்தில் புகார் கொடுக்கப் போகிறவர்கள் பலரும் வாங்கிக்கொண்டு வருவது அதைத்தானே?

போன மாம்பழ சீசனில், மண்டிக்கு வெளியே நிறுத்தியிருந்த என் மைத்துனரின் பைக் காணாமல் போனது. அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். சீல் வைத்து ஒரு ரசீது தந்தார்கள். கேஸ் போட்டாச்சு என்று வீட்டில் நிம்மதி. அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். இரண்டு மாதம் கழித்து இன்சூரன்ஸ் ஆபீஸில் நீட்டியபோதுதான், “இது சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க” என்றார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் பல வருடமாக மனு எழுதுகிறவன் நான். அந்தச் சீட்டை நானும்தான் பார்த்தேன், படிக்கவில்லை.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கு ரசீது, அவ்வளவே. வழக்கு என்றால் குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் போட்ட எஃப்.ஐ.ஆர். இருக்க வேண்டும், அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பெயர் வாயில் நுழையாவிட்டால் 173-வது பிரிவு என்று சொன்னால் போதும்) சில குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. அதுவும் 14 நாளைக்குத்தான். ஸ்டேஷனில் மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்.

மைத்துனர் பதிவுத் தபால் அனுப்பினார். சில நாளில் ஸ்டேஷனில் இருந்தே போன் வந்து வழக்குப் பதிவானது. பைக் போன தேதிக்கும் எஃப்.ஐ.ஆர். தேதிக்கும் ஏன் இத்தனை இடைவெளி என்று இப்போது இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு தாளின் மாதிரியையும் அடுத்த இதழில் அருகருகே அச்சிடுங்கள். வெட்டி என் மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதும் வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.