பெரிய தோட்டா புலியைத் தூக்கி எறியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊருக்குள் வரும் காட்டு விலங்குகள் பற்றிய கட்டுரையில், பெரிய ரக ரைஃபிள் இருந்தால் பாய்ந்து வரும் புலியை ஒரே வேட்டில் தூக்கி எறிந்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணா சாலைப் பக்கம் துப்பாக்கி பழுதுபார்த்தே காலம் தள்ளியவன் நான். பழைய ஜமீன் வீடுகளிலிருந்து வந்த 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய ரகத் தோட்டாவைச் சுடும் இரட்டைக்குழல் ரைஃபிள்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். எந்தத் தோட்டாவும் எந்த மிருகத்தையும் தூக்கி எறியாது.

470-இன் குண்டு சுமார் 32 கிராம். நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அந்த வேகம் அப்படியே 200 கிலோ புலியின் மேல் இறங்கினாலும், புலி நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில்தான் பின்னால் தள்ளப்படும். சுடுகிறவர் தோளில் விழும் உதையும் அதற்குக் குறைந்ததில்லை. அவர் நின்றுகொண்டுதானே இருக்கிறார்?

மூளையோ முதுகுத்தண்டோ அடிபட்டால்தான் மிருகம் நின்ற இடத்தில் விழும். இதயத்தில் பட்டாலும் சாகும். ஆனால் சாவதற்குள் ஓடிவந்து ஆளைப் பிடித்துவிடும்.

நம்பாதவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் யானை எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய மண்டையில் பெரும்பகுதி தேன்கூடு மாதிரி காற்றறைகள்தான். மூளை பின்பக்கம், இரண்டு காதுத் துளைகளுக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கிறது. நெற்றி மேட்டில் எவ்வளவு பெரிய குண்டு பாய்ந்தாலும் மூளையைத் தொடாமல் போகலாம். ஈயமுனை தெரியும் குண்டு புலிக்குச் சரி. யானைக்கு அது பாதி வழியிலேயே விரிந்து நின்றுவிடும். முழுக்க உலோக உறை போட்ட 'சாலிட்' வேண்டும்.

ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட டபிள்யூ.டி.எம். பெல், பெரும்பாலும் பயன்படுத்தியது 7 மில்லிமீட்டர் குண்டு போடும் சிறிய ரக ரைஃபிள். அந்தக் கொலைக் கணக்கை நான் மெச்சவில்லை. ஆனால் அவர் யானைத் தலையை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தவர்.

சரி, அப்படியானால் பெரிய ரைஃபிள் எதற்கு? பாய்ந்து வரும் யானை மிக நெருங்கிவிட்டால், கனமான குண்டு தடித்த எலும்பிலும் திசை மாறாமல் ஆழமாகப் போகும். இரட்டைக்குழலில், அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் என்ற கைப்பிடியை இழுக்காமலே அடுத்த வேட்டு தயார். அந்த நன்மை பெரியதுதான். ஆனால் உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும்போதே கண்ணை மூடிக்கொள்பவர் கையில் அதைக் கொடுத்துப் பயனில்லை.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் உறுதி செய்த பிறகுதான் புலியையோ யானையையோ கொல்ல உத்தரவிட முடியும். 2021-இல் மசினகுடியில் டி23 என்று பெயரிட்டிருந்த புலியை உயிரோடு பிடித்ததைப் பார்த்தோம். அதுவே நல்ல வழி. என்றாவது வேறு வழியில்லாமல் அந்த உத்தரவு வந்தால், பாதி அடிபட்ட புலி புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் நிலை வரவே கூடாது. மறுநாள் காலை அந்தப் பக்கம் தேயிலை பறிக்கப் போவது ஏழைப் பெண்கள். ஆகவே யார் சுடுவது, அதே துப்பாக்கியில் அவர் எப்போது பழகினார், எந்தக் குண்டு, அடிபட்டுத் தப்பினால் தேடிப் போவது யார் என்பதையெல்லாம் உத்தரவிலேயே எழுத வேண்டும் என்று வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துப்பாக்கி மெக்கானிக்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை.