ஞாயிறு சந்திப்பு: பேக்கேஜுக்கு டெஸ்ட் ஸ்கிரிப்ட்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, பெரம்பூர் ரயில் நிலையம் பக்கம், நம் வழக்கமான மொட்டை மாடி அறையில் கூடுகிறோம். நாம் எழுதி வெளியிடும் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜில் (நிரல் தொகுப்பில்) டெஸ்ட் ஸ்கிரிப்ட், அதாவது சோதனைகளை ஓட்டும் கட்டளை, வைப்பதுதான் வேலை.

1. லேப்டாப்பில் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் மென்பொருள்) 20 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கட்டும். சோதனைகளை ஓட்டும் கருவியான டெஸ்ட் ரன்னர் அதிலேயே இருக்கிறது.

2. பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ் ஜேசன் (package.json) கோப்பில் 'டெஸ்ட்' வரியைப் பாருங்கள். என்பிஎம் (பேக்கேஜ்களைக் கையாளும் கருவி) தரும் 'என்பிஎம் இனிட்' கட்டளை தானாக எழுதித் தருவது ஒரு பிழைச்செய்தியும், தோல்வி என்று முடிக்கும் எக்ஸிட் 1-ம்தான். அப்படியே விட்டவர்கள் (நானும்தான்) திருத்திக்கொண்டு வாருங்கள்.

3. லின்ட்டை (நிரலில் தவறு தேடும் கருவியின் கட்டளையை) அதே கோப்பில் 'ப்ரீடெஸ்ட்' என்ற பெயரில் வைத்தால், என்பிஎம் டெஸ்ட் கொடுத்ததும் அதுவே முதலில் ஓடும். வெளியிடும் முன் டெஸ்ட் ஓட, டெஸ்ட் கட்டளையை 'ப்ரீபப்ளிஷ்ஒன்லி' என்ற பெயரில் வையுங்கள். இது இல்லாமல்தான் போன மாதம் உடைந்த பதிப்பை ஏற்றிவிட்டு முழித்தேன்.

4. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வேண்டும்.

அப்புறம், வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள். பஜ்ஜிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.