பாதையைப் பிடித்து வைத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம். இந்த நன்றிக் கடிதத்தை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். வேளாண்மை வெட்டு, அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல், அது இது என்று தள்ளிப்போய்விட்டது, குறை நினைக்க வேண்டாம்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் மண்டூர்ப் பக்கம் தனித்துப்போன வயதானவர்களை நாங்கள் ஒன்பது பேர் முறைபோட்டுப் பார்க்கத் தொடங்கி இந்தத் தைப்பொங்கலோடு ஒரு வருசம் முடிந்தது. எங்களுக்குப் பெயர் இல்லை, பதிவு இல்லை, பெனரும் இல்லை. ஒரு வட்ஸ்அப் குழுவும் ஒரு நோட்டுக் கொப்பியும்தான். ஆனால் ஒன்பது பேர் மட்டும் செய்த வேலை இல்லை இது.

முதல் நன்றி பாதை ஓட்டும் அண்ணனுக்கு. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு இல்லை, சனத்தையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. மண்டூரில் ஏறி குருமண்வெளியில் இறங்கினால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை கிட்ட. பாதை இல்லாவிட்டால் வெல்லாவெளி, போரதீவு, பட்டிருப்புப் பாலம் என்று சுற்ற வேண்டும், அந்தச் சுற்றுக்கு ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசை முதியோர் கொடுப்பனவில் இருந்து எடுத்தால் மிச்சம் எதற்குக் காணும் என்று நீங்களே பாருங்கள்.

சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்கும் நாளில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். எங்கள் பெத்தா, அதாவது பாட்டி, ஒருவர், வயது 78, விடியப்புறம் நாலரைக்கே எழும்பித் தலை சீவி, கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருப்பார். முழங்கால் ஏலாது. துறைக்கு வந்து சேர எப்படியும் பிந்தும். அண்ணன் கயிற்றை அவிழ்க்காமல் நிற்பார், யாராவது முணுமுணுத்தால் "பெத்தா வாறா, பொறுங்க" என்று ஒரே சொல். அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது. அந்தப் பாதையில் கூட நின்ற ரீச்சர்மார் இரண்டு பேருக்கு எங்களால் பள்ளிக்கூட வரவு இடாப்பில் பிந்தியதற்குச் சிவப்புக் கோடு விழுந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். அவர்கள் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. ரீச்சர், மன்னித்துக்கொள்ளுங்கள், இப்போது ஒரு பாதை முந்தி வருகிறோம்.

குளிசை (மாத்திரை) விசயத்தில் பிழைவிட்டது நான். ஒருவரின் பிரஷர் குளிசையையும் இன்னொருவரின் சீனிக் குளிசையையும், இரண்டும் வெள்ளை, மேசையில் ஒன்றாகக் கொட்டி மாறி உறையில் போட்டுவிட்டேன். நல்ல காலம், அன்று பின்னேரம் அந்த வழியால் வந்த தாதி அக்கா ஒருவர் உறையை வாங்கிப் பார்த்துவிட்டார். ஏசினார், நன்றாகவே ஏசினார். ஏசிவிட்டு இருந்து, எதைச் சாப்பாட்டுக்கு முன் எதைப் பின் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் பிரித்துத் தந்தார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் உறையில் சூரியனும் பிறையும் கீறிக்கொண்டு வந்தான். காலைக் குளிசைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, மத்தியானத்துக்குச் சோற்றுக் கோப்பை. ஒரு பெத்தா அந்தச் சூரியனைப் பார்த்துவிட்டு "என்ன மனே, அப்பளமா?" என்று கேட்டது தனிக்கதை. அக்கா, நீங்கள் ஏசியது நல்லது. தம்பி, அடுத்த தரம் சூரியனுக்குக் கதிர் போடு.

முதியோர் அடையாள அட்டை 60 வயது தாண்டியவர்களுக்குப் பிரதேச செயலகம் ஊடாக எடுக்கலாம், வங்கியிலும் வைத்தியசாலையிலும் வரிசையில் முன்னுக்கு விடுவார்கள். ஆனால் அதற்குப் படம் வேண்டும், ஆவணம் வேண்டும். 2007இல் யுத்தத்தில் வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது துண்டு துணியோடு ஓடியவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவார்கள்? ஸ்டூடியோக்காரத் தம்பி கமெராவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்து, வேலியில் வெள்ளைச் சீலையைக் கட்டிப் பன்னிரண்டு பேருக்குப் படம் எடுத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. படிவம் நிரப்புவதில் கிராம உத்தியோகத்தர் கந்தோரில் இருந்த தங்கச்சி பட்ட பாடு பெரிது.

படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்குக் கட்டும் பம்பர்ஸ் (டயப்பர்) விலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் வாங்கிய விலைக்கே தந்தார், நோன்பு மாதத்தில் அதுவும் எடுக்கவில்லை. "கடைப் பெயரை எழுதிப் போடாதீங்க, மறுகா எல்லாரும் வருவாங்க" என்று சிரித்தார். எழுதவில்லை காக்கா.

இங்கே ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. உலர் உணவுப் பொதி தருகிறோம் என்று ஒரு அமைப்பு வந்தது. பொதியை வாங்கும்போது ஒவ்வொருவரும் அமைப்பின் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம், காணொளியும் எடுப்பார்களாம். பெத்தப்பா ஒருவர் எழும்பி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். வயதுக்காலத்தில் வடமோடிக் கூத்தில் ராசா வேசம் கட்டி ஆடியவர், அந்தப் போக்கே ஒரு ராசாப் போக்குத்தான். நாங்கள் பொதியைத் திருப்பி அனுப்பினோம். அது சரியா பிழையா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது, அரிசி அரிசிதானே என்று சொல்பவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. அந்த மாத அரிசியை யாரிடமும் கேட்காமல் ஏற்றி அனுப்பிய ஆலைக்கார ஐயாவுக்கு நன்றி.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் தங்கச்சி, உங்களுக்கும்தான். நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் அனுப்பும் குரல் பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுகிறோம். "அம்மா, சாப்பிட்டயா" என்று உங்கள் குரல் வந்ததும் அவ போனைப் பார்த்து "ஓம் மனே, கீரையும் கூனி இறாலும்" என்று பதில் சொல்கிறா. ஒரு தரம் போட்டால் காணாது, நாலு தரம் போட வேண்டும், நாலு தரமும் பதில் சொல்லுவா. சார்ஜ் முடிந்துபோனதும் உண்டு.

இந்த வருசம் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் மாரி வெள்ளம் நின்ற நேரம். ஒழுங்கை முழுக்கத் தண்ணீர், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் பிரதான வீதியோடு நின்றுவிட்டது, தோணி கொண்டுவந்து படுத்த பாயோடு தூக்கிப்போன பெடியன்மார் எத்தனை பேர் என்றுகூட நான் எண்ணவில்லை. செத்தவீட்டுக்கும் அதே பெடியன்மார்தான் பந்தல் போட்டார்கள்.

பெயர் விடுபட்டவர்கள் கோபிக்க வேண்டாம், பெயரே எழுதவில்லை என்பதால் எல்லோரும் விடுபட்டவர்கள்தான்.

அடுத்த கிளினிக் வரும் செவ்வாய். இரண்டு பேர் குறைகிறது, காலை ஐந்தரைக்குத் துறைக்கு வரக்கூடியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், எங்கள் தேத்தண்ணிப் பிளாஸ்க் ஒன்று, சிவப்பு மூடி, பிடியில் பிளாஸ்டர் சுற்றியது, போன தரம் வந்த யாரிடமோ நிற்கிறது. சோதனைக்கு இரத்தம் குடுத்துவிட்டு வரும் பெத்தாமாருக்கு அதில்தான் தேத்தண்ணி. கொண்டுவந்து தாருங்கள்.