சப்பாத்துக்குள் வந்த மண்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

ஏச வேண்டுமென்றால் முதலில் ஏசி முடி. பெரியம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ போன் எடுத்தாலும் "பிறகு கதைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். எல்லாம் உண்மை. சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது, மூத்தவள் சோதனை பாஸ், வீட்டுக்கு முன்னால் இன்னொரு பத்து மாடி எழும்புகிறது, கடல் தெரிந்த கடைசி ஜன்னலும் போய்விட்டது. எங்கள் சுகசேதி அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் ரீயூனியன் தீவுக்குப் போய் வந்தேன். மனுசியின் தம்பி பாரிஸை விட்டுவிட்டு அங்கே கடை போட்டிருக்கிறான். உனக்கு ஞாபகம் இருக்கும், என் கல்யாண வீட்டில் உன்னோடு சீட்டாடித் தோற்று மோதிரத்தைக் கழற்றினவன். விசாவுக்கு நான்கு மாதம் அலைந்தேன். பல்லுக்கொதி தவிர எல்லாவற்றுக்கும் கடிதம் கேட்டார்கள். ஏன் இவ்வளவு கேள்வி என்று அப்போது எரிச்சலாக இருந்தது. காரணம் பிறகு வருகிறது.

இந்து சமுத்திரத்தில் இருக்கிற அந்தத் தீவு பிரான்சுக்குச் சொந்தம், ஆனால் கடைப் பலகையில் ராமசாமி என்று இருக்கிறது. உள்ளே போய் வணக்கம் சொன்னேன். மனுசன் சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் ஏதோ சொன்னார். 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டுபோன நம் ஆட்களின் வழி வந்தவர்கள். தீமிதி இருக்கிறது, மொழி போய்விட்டது. பருப்பு வடை மாதிரி ஒன்று விற்கிறார்கள், அதன் பெயருக்கு 'மிளகாய் மிட்டாய்' என்று அர்த்தமாம். ஆறு சாப்பிட்டேன், மனுசிக்கு மூன்று என்று கணக்கு.

சரி, நான் சொல்ல வந்தது ஒரு கடற்கரையைப் பற்றி. தெற்கே சென் பிலிப் தாண்டினால் வீதி எரிமலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்ற அந்த மலை 2,632 மீற்றர், அடிக்கடி வெடிக்கிறது. வீதியோரத்தில் பலகை பலகையாக ஆண்டு எழுதி வைத்திருக்கிறார்கள்: 1986, 2002, 2004, 2007. அந்த அந்த வருசம் நெருப்புக் குழம்பு வீதியைக் குறுக்கறுத்துக் கடலுக்குப் போன இடங்கள். அதே வீதியில் இன்னும் மேலே, 1977இல் குழம்பு ஒரு தேவாலயத்தின் வாசல்வரை வந்து நின்றதாம். உன் அம்மா இருந்திருந்தால் அம்மாளாச்சியின் வேலை என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருப்பா.

2007 பலகைக்குக் கிட்ட, ட்ரம்ப்ளே என்ற இடத்தில் காரை விட்டுவிட்டுக் காட்டுக்குள்ளால் இறங்கினோம். வழி முழுக்க நம் தாழையின் சொந்தக்கார மரங்கள், வேரெல்லாம் நிலத்துக்கு மேலே ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. மரத்தில் வனிலாக் கொடி. பிறகு சட்டென்று காடு முடிந்தது, மச்சான், கரி.

கறுப்பென்றால் நம் ஊர் மாதிரி பட்டையாக ஓடுகிற கறுப்பு இல்லை. முழுக்கக் கறுப்பு. ஒரு பக்கம் கருங்கல்லாய் இறுகின குழம்பு, முன்னால் ஆள் உயரத்துக்கு அலை, நடுவில் இந்த மண். ஒரு கடை இல்லை, ஒரு குடை இல்லை, எங்களைத் தவிர ஒரு சனம் இல்லை. சப்பாத்தைக் கழற்றிப் பத்தடி வைத்தேன், உள்ளங்கால் பொரிந்துவிட்டது. திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டு ஈர மண்வரை ஓடினேன். அலை திரும்பும்போது கல்லையும் மண்ணையும் இழுக்கிற சத்தம் இருக்கிறதே, உன் ஆச்சி முற்றத்தில் இருந்து சுளகில் புடைக்கிற சத்தமேதான். குளிக்க முடியாது. கடல் பொல்லாதது, போதாததற்குச் சுறா. கரையோரப் பவளப்பாருக்கு வெளியே இறங்கக் கூடாது என்று 2013இலேயே தடை போட்டுவிட்டார்கள்.

குந்தியிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். கிட்டப் பார்த்தால் வெறும் கறுப்பு இல்லை. இடையிடையே கற்கண்டுத் துகள் மாதிரி பச்சை மினுங்குகிறது. ஒலிவின் என்ற கல், குழம்போடு ஆழத்திலிருந்து வந்தது. ஆயிரம் பாகைக்கு மேலே கொதிக்கிற குழம்பு கடலில் விழுந்ததும் சூட்டுக் கண்ணாடி குளிர்தண்ணியில் பட்ட மாதிரிச் சிதறுகிறது. அலை அதை அரைத்துக் கரையில் ஒதுக்குகிறது. அந்தக் கரை அப்படி 2007 சித்திரையில் வந்தது. அதற்கு முன் அங்கே கடற்கரையே இல்லை. விளங்குகிறதா? என் மூத்தவள் பிறந்தபோது இல்லாத கடற்கரையில் நான் நிற்கிறேன். புதுக் குழம்பு வராவிட்டால் அலை அதைத் திருப்பிக் கொண்டுபோகவும் கூடும்.

அப்போது எனக்கு நம் ஊர், புல்மோட்டைக் கடற்கரை, ஞாபகம் வந்துவிட்டது. உன் அப்பாவின் ரேடியோவைக் கழற்றிக் காந்தம் எடுத்து, மண்ணில் உருட்டி, மீசை முளைத்த மாதிரி ஒட்டவைத்து, பிறகு இரண்டு பேரும் அடி வாங்கினது. அந்த மண் எங்கள் மலைப் பாறைகள் உடைந்து வந்தது, அம்பது கோடி வருசத்துக்கும் மேலே பழசு. அதில் இருக்கிற இல்மனைற் என்ற கறுப்புக் கனிமத்தில்தான் வெள்ளைப் பெயின்ற் செய்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னபோது நீ நம்பவே இல்லை, கரியில் பால் கறக்கிறதா என்று கேட்டாய். அந்தப் பழைய மண்ணை 84 மார்கழியில் விட்டுவிட்டு வந்தோம். சரி, அதை விடு.

இப்போது விசாக் காரணம். திரும்பி வந்து சப்பாத்தை உதறினால் பல்கனி முழுக்கக் கறுப்பு மண். வாசிங் மெஷினும் கரகரக்கிறது, மனுசி இன்றைக்கும் ஏசுகிறாள். கூட்டி அள்ளி ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்தேன். போன கிழமை உன் ஒன்றுவிட்ட தம்பியின் பெடியன் வந்தான், ஓட்டோ ஓடுகிறவன். போத்தலைக் காட்டி, பச்சைக் கல், தாழை, அலை என்று அரை மணித்தியாலம் அளந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "அங்கிள், அந்தத் தீவில மண் கறுப்பே?" என்றான்.

அவன் அங்கே போயிருக்கிறான், மச்சான். 2019இல், மீன்பிடிப் படகில், நாலாயிரம் கிலோமீற்றர், மூன்று கிழமை. உங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கொழும்பில் வேலை என்றுதானே தம்பி சொன்னான்? 2018 முதல் நம் நாட்டுப் படகுகள் அங்கே போயிருக்கின்றன, எனக்குப் பேப்பரில் பார்த்த ஞாபகம் மட்டும்தான். இவன் பார்த்ததெல்லாம் இறங்கின துறைமுகம், ஒரு பஸ், அடைத்து வைத்த கட்டடம், திருப்பி அனுப்பின பிளேன். ஜன்னலால் ஒரு கரும்புத் தோட்டம் தெரிந்ததாம். படகுக்கு மாமி நகையை விற்றிருக்கிறா.

நான் பிரிட்ஜில் இருந்த காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்ணுக்குள் விட்டு எடுத்தான். கொஞ்சம் ஒட்டியது, மிச்சம் அசையவில்லை. ஒட்டினதை விரலால் வழித்துத் திரும்பப் போத்தலுக்குள்ளேயே போட்டான், ஒரு துகள் சிந்தாமல்.

திரும்பப் போகப் பார்க்கிறான். ஏஜென்ட் ஒருவன் பின்னால் திரிகிறான். உன்னிடம் காசு கேட்டுக் கோல் வரும், என் பெயரையும் இழுப்பான். அனுப்பாதே. ஏசவும் ஏசாதே, ஏசினால் வேறு இடத்தில் வட்டிக்கு எடுப்பான். ஓட்டோவின் லீசிங் மூன்று மாதம் பின்னால் நிற்கிறது, அந்த நெருக்கடிதான் அவனைக் கிளப்புகிறது. அதை இரண்டு பேரும் பாதி பாதி போட்டுக் கட்டுவோம். நான் விசாரித்துத் தொகையை அனுப்புகிறேன். சனிக்கிழமை உன் காலை நேரத்தில் போன் எடு, நான் வைக்க மாட்டேன்.

உன்,
நெட்டையன்

பி.கு.: கடிதத்துக்குள் ஒரு சிட்டிகை மண் வைத்திருந்தேன். மனுசி கண்டு எடுத்துவிட்டாள். கனடாத் தபாலில் பிடித்து என்னவோ பவுடர் என்று உன்னை உள்ளே தள்ளினால் பிணைக்குத் தன் தம்பியா வருவான் என்று கேட்கிறாள்.