யோசனை சொல்கிறவர்களுக்கும் பொறுப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சில வருடம் முன்பு எங்கள் முதலாளி ஒரு கன்சல்டன்சியை, அதாவது தொழிலுக்கு யோசனை சொல்கிற கம்பெனியை, நம்பிக் கூப்பிட்டார். மூன்று பையன்கள் லேப்டாப்பும் ஸ்டாப்வாட்ச்சுமாக ஆறு வாரம் சுற்றினார்கள். அவித்த அண்டியை ராத்திரி முழுக்க ஆறப் போட்டு மறுநாள்தான் வெட்டுவோம். அது அவர்களுக்கு வீண் நேரமாகப் பட்டது, நான்கு மணி நேரம் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெட்டு மெஷினிலேயே வயதைக் கழித்த ஒரு அக்கா, "சாரே, ஆறாம வெட்டினா பருப்பு ரெண்டாப் போவும்" என்று நேரிலேயே சொன்னார். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இரண்டே மாதத்தில் முழுப்பருப்பு குறைந்து துண்டு குவிந்தது. துண்டுக்கு முழுப்பருப்பு விலையை யார் தருவார்கள்? அந்த வருடம் போனஸ் குறைந்தது அந்த அக்காவுக்கும் சேர்த்துத்தான். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டால், நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்றார்கள். அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பீஸ் அதற்கு முன்பே முழுசாகப் போய்விட்டது.

பெரிய ஆட்களிடமும் இதே கதைதான். 1980களில் மெக்கின்சி என்ற பெரிய ஆலோசனை நிறுவனம், 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 9 லட்சம் செல்போன்தான் இருக்கும் என்று அங்குள்ள தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டிக்குக் கணித்துக் கொடுத்தது. இருந்ததோ 10 கோடிக்கு மேல். விட்ட இடத்தைப் பிடிக்க ஏடி அண்ட் டி 1994இல் மெக்கா செல்லுலார் என்ற செல்போன் நிறுவனத்தை 1,000 கோடி டாலருக்கு மேல் கொட்டி வாங்கியது. ஓபியாய்டு என்கிற, ஆளை அடிமையாக்கும் வலிமருந்தின் விற்பனையைக் கூட்ட பர்டியூ பார்மா என்ற மருந்து நிறுவனத்துக்கு யோசனை சொன்ன விவகாரத்தில் 2024 டிசம்பரில் மெக்கின்சி 65 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது உண்மைதான், ஆனால் அதற்கு அமெரிக்க அரசே விசாரணை நடத்த வேண்டியிருந்தது. எங்கள் ஆலைக்காக யார் வருவார்கள்?

ஆடிட்டர் தப்பு செய்தால் பட்டயக் கணக்காளர் கழகம் பெயரையே நீக்கலாம். வக்கீலுக்கு பார் கவுன்சில், டாக்டருக்கு மருத்துவ கவுன்சில் இருக்கிறது. இந்த ஆலோசகர்களைக் கேட்க ஆளில்லை. பாதிக் கட்டணத்தையாவது ஒரு வருடம் கழித்து, பலனைப் பார்த்துக் கொடுக்கிற மாதிரி ஒப்பந்தம் போட வேண்டும். நம் வரிப்பணத்தில் ஆலோசகர் வைக்கிற அரசுத் துறைகள் அதை முதலில் செய்யட்டும், அறிக்கையையும் அதற்குக் கொடுத்த தொகையையும் மக்கள் பார்க்க வெளியிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மார்த்தாண்டம்